விவசாயியின் நாணயப் பதிவும் அதைச் சீர்செய்யும் முறையும்

பயிர்த்தொழிலில் பணம் செலவாகும் காலம் ஒன்று. பணம் வந்து சேரும் காலம் வேறொன்று. உழவு, விதை, நடவு, எரு, களையெடுப்பு ஆகிய செலவுகளெல்லாம் முன்னதாக வந்துவிட, மகசூல் நான்கைந்து மாதங்கள் கழித்தே களத்துக்கு வருகிறது. கரும்பு, வாழை, மஞ்சள் முதலியவற்றில் இவ்விடைவெளி ஒரு வருஷ அளவுக்கு நீளுகிறது. கடனின்றி இதைக் கடக்கவல்ல குடும்பங்கள் மிகச் சிலவே. ஆதலால் தக்க சமயத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைப்பது, பாசன வசதிக்கு அடுத்தபடியாகச் சாகுபடிக்கு இன்றியமையாதது எனலாம்.

இவ்வுண்மையை உணர்ந்தே, சென்னை மாகாணத்தில் விவசாயக் கடன் நிலையை ஆராய்ந்த ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895-ம் வருஷத்திலும் 1897-ம் வருஷத்திலும் விரிவான அறிக்கைகள் அளித்தார். 1904-ம் வருஷத்தில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாய நாணயச் சங்கம் அமைந்தது. அச்சங்கங்களை ஜனங்கள் ஐக்கிய நாணயச் சங்கங்கள் என்றே அழைத்து வந்தனர். அங்கத்தினர் இன்னார், அவர் வாங்கிய கடனை வாய்தாப்படி செலுத்துபவரா அல்லரா என்பதைப் பஞ்சாயத்தார் நேரில் அறிவர். அந்த அறிவே கடனுக்கு அடிப்படையாய் இருந்தது.

இன்று அந்த அறிவின் இடத்தில் ஓர் எண் வந்து நிற்கிறது. வங்கியில் மனுக் கொடுக்கும் விவசாயியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னரே, அதிகாரி அவருடைய மதிப்பெண்ணைப் பார்த்துவிடுகிறார். பட்டாவும் அடங்கலும் சரியாக இருந்தும், மதிப்பெண் குறைவு என்ற காரணத்தால் மனு திருப்பப்பட்ட விவசாயிகள் பலர். 2025-ம் வருஷத்தில் தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களிலும் பயிர்க்கடனுக்குச் சிபில் அறிக்கையைப் பார்க்கும்படி உத்தரவு பிறந்தபோது, விவசாயிகள் சங்கங்கள் அதை வன்மையாக ஆட்சேபித்தன. ஆட்சேபம் ஒருபுறம் இருக்க, அப்பதிவு எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு கெடுகிறது, கெட்டதை எவ்வாறு செம்மைப்படுத்துவது என்பவற்றை நிலமுடையோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

இதில் அடங்கிய லாப நஷ்டம் எத்தகையது என்பதைச் சிறு கணக்கால் காணலாம். கிசான் கடன் அட்டையின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரையான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி வருஷத்துக்கு 7 சதவீதம். குறித்த நாளில் செலுத்துவோருக்கு 3 சதவீதம் சலுகை உண்டாதலால், அவர்களுக்கு நிகர வட்டி 4 சதவீதமே. ஆகவே 1 லட்சம் ரூபாய்க்கு வருஷ வட்டி 4,000 ரூபாய். வங்கிக் கதவு அடைபட்டபின் அதே தொகையைத் தனியாரிடம் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால், வருஷத்துக்கு 36,000 ரூபாய் ஆகிறது. வித்தியாசம் 32,000 ரூபாய். 2025-26-ம் பருவத்துக்கு மத்திய சர்க்கார் சாதாரண ரக நெல்லுக்கு நிர்ணயித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அதன்படி பார்த்தால், பதின்மூன்று குவிண்டாலுக்கு மேற்பட்ட நெல் ஒவ்வொரு வருஷமும் பதிவு கெட்ட குற்றத்துக்காக வீட்டைவிட்டு வெளியேறுகிறது.

மதிப்பெண் என்பது யாது?

கடன் தகவல் நிறுவனங்கள் 2005-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று நடப்பவை. நாட்டில் இத்தகையவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவற்றுள் சிபில் 2000-ம் வருஷத்தில் முதலில் தோன்றியதாதலால், எல்லா மதிப்பெண்ணையும் ஜனங்கள் பொதுவாகச் சிபில் என்றே குறிப்பிடுகின்றனர். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் கொடுத்த கடன் ஒவ்வொன்றின் விவரத்தையும் இந்நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்புகின்றன. முன்னர் மாதம் ஒருமுறை அனுப்பப்பட்ட இவ்விவரம், 2025-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் பதினைந்து நாட்களுக்கொருமுறையேனும் அனுப்பப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இவ்விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் கணிக்கப்படுகிறது. 750-ம் அதற்கு மேற்பட்டதும் நல்ல நிலை என்று வங்கிகள் பொதுவாகக் கருதுகின்றன. மதிப்பெண்ணில் முதலிடம் பெறுவது தவணைகள் குறித்த நாளில் செலுத்தப்பட்டனவா என்பதே. அனுமதிக்கப்பட்ட வரம்பில் எவ்வளவு பாக்கி நிற்கிறது, கணக்குகள் எத்தனை காலத்தவை, அண்மையில் எத்தனை இடங்களில் கடனுக்கு மனுச் செய்யப்பட்டது என்பவையும் சேர்கின்றன. ஒருவருக்கு எத்தனை ஏக்கர் நிலம் உண்டு, கிணற்றில் நீர் எவ்வளவு, வீட்டில் மாடு எத்தனை என்பவை இதில் இடம்பெறுவதில்லை. பத்து ஏக்கர் நஞ்சையுடைய மிராசுதாரரின் மதிப்பெண், அரை ஏக்கர் புஞ்சையுடையவரின் மதிப்பெண்ணைக் காட்டிலும் தாழ்ந்திருக்கக் கூடுவது இதனாலேதான். பதிவு கூறுவது சொத்தின் அளவை அன்று. தேதிகளின் ஒழுங்கை மட்டுமே.

இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இராது. அது குற்றமன்று. முதன்முறை கடன் கேட்போரின் மனுவை, முன்பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2025-ம் வருஷம் ஜனவரியில் வெளியிட்ட உத்தரவில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது.

பதிவு கெடும் வழிகள்

வேண்டுமென்றே கடனைச் செலுத்தாதிருப்போர் சிலரே. பெரும்பாலான விவசாயிகளின் பதிவு அவர்கள் அறியாமலே கெடுகிறது. அவ்வழிகளுள் முக்கியமானவை வருமாறு:

முதலாவது, வாய்தா நாளை அறியாமை. பயிர்க்கடனுக்கு மாதத் தவணை இல்லை. அறுவடையும் விற்பனையும் முடியும் காலத்தை ஒட்டி ஒரே வாய்தா குறிக்கப்படுகிறது. அந்நாளைக் கடனொப்பந்தத்தில் பார்த்து வைத்திராதவர்கள், பணம் கையில் இருந்தும் ஒரு வாரம் பத்து நாள் கடந்து செலுத்துகின்றனர். அதனால் 3 சதவீதச் சலுகையும் போகிறது. பதிவிலும் தாமதம் ஏறுகிறது.

இரண்டாவது, ஜாமீன். உறவினருக்கோ அண்டை வயற்காரருக்கோ டிராக்டர் கடனுக்காகக் கையெழுத்திட்டவர், அதைப் பின்னர் மறந்துவிடுகிறார். கடன்காரர் தவணை தவறினால், ஜாமீன்தாரின் அறிக்கையிலும் அது தென்படும்.

மூன்றாவது, மறந்துபோன சிறு பாக்கி. மீட்கப்படாத நகைக் கடனின் வட்டி, தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் கடைசித் தவணை, உபயோகிக்காமல் விட்ட கிரெடிட் கார்டின் வருஷக் கட்டணம் ஆகியவை சில நூறு ரூபாயாக இருப்பினும் நிலுவை என்றே எழுதப்படும்.

நான்காவது, தள்ளுபடியை எதிர்பார்த்தல். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2021-ம் வருஷத்தில் கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது கூட்டுறவுக் கடனுக்கே பொருந்தியது. தேசிய வங்கிகளில் வாங்கிய கடனுக்குப் பொருந்தவில்லை. அடுத்த தள்ளுபடி என்று வரும், யாருக்கு வரும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். அதை நம்பி வாய்தாவைத் தவறவிடுவோர், வரும் என்று உறுதியில்லாத ஒன்றுக்காக, கையிலுள்ள நாணயத்தை இழக்கின்றனர்.

ஐந்தாவது, பிறர் கணக்கு கலந்துவிடுதல். தமிழ்நாட்டுப் பெயர் வழக்கத்தால் இது எளிதில் நேரக்கூடியது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கிறது. வேறொன்றில் தகப்பனார் பெயர் முழுவதுமாக எழுதப்படுகிறது. ஒரே கிராமத்தில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்டவர் இருவர் மூவர் இருப்பதும் உண்டு. பிறந்த தேதி நிச்சயமாகத் தெரியாத முதியோருக்கு ஆதாரில் ஜனவரி 1-ந் தேதி என்றே எழுதப்பட்டிருப்பின், குழப்பம் இன்னும் பெருகும். ஒருவர் வாங்காத கடன் அவருடைய அறிக்கையில் ஏறுவதற்கு இவை இடமளிக்கின்றன.

முதற்காரியம்: அறிக்கையைப் பெறுதல்

நோயின்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கலாகாது. ஆகவே பதிவைச் சீர்செய்ய விரும்புவோர் முதலில் தமது கடன் அறிக்கையைப் பெற வேண்டும். நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆங்கில வருஷம் ஒன்றுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டும் என்ற விதி 2017-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் அமலில் உள்ளது. ஆகவே ஓர் அறிக்கையை ஜனவரியிலும், அடுத்ததை ஏப்ரலிலும், மற்றவற்றை ஜூலையிலும் அக்டோபரிலும் பெற்றால், ஒரு காசும் செலவின்றி வருஷம் முழுவதும் பதிவைக் கண்காணிக்கலாம். தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை, குறையாது. அறிக்கைகள் இணையத்தின் மூலம் கிடைப்பதால், கைப்பேசிப் பழக்கம் இல்லாதவர்கள் வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளின் உதவியைக் கொள்ளலாம். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை அயலாரிடம் கூறலாகாது.

அறிக்கை வந்ததும் அதை மூன்று பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் பெயர், பிறந்த தேதி, முகவரி, பான் எண் ஆகியவை. அடுத்து ஒவ்வொரு கணக்கு: கடன் கொடுத்தவர் யார், தொகை என்ன, பாக்கி என்ன, தனிக் கணக்கா அல்லது ஜாமீனா என்பது. மூன்றாவதாக மாதவாரித் தாமதப் பதிவு. சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் 36 மாதங்கள் வரை, வாய்தா கடந்து எத்தனை நாள் சென்றன என்பது எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். பூஜ்யம் இருந்தால் தாமதமில்லை என்று பொருள். கணக்கின் முடிவில் 'குளோஸ்டு' என்றிருந்தால் முழுதும் தீர்ந்தது. 'செட்டில்டு' என்றிருந்தால் குறைத்துத் தீர்க்கப்பட்டது. 'ரிட்டன் ஆஃப்' என்றிருந்தால் வராது என்று வங்கி தன் புத்தகத்தில் தள்ளி எழுதியது. பின்னிரண்டும் புதிய கடனுக்குத் தடையாகக் கூடியவை. வங்கி தள்ளி எழுதியதால் கடன் ரத்தாகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. வசூலிக்கும் உரிமை வங்கிக்கு அப்படியே உள்ளது.

பார்த்தபின் தவறுகளை இருவகையாகப் பிரித்துக் கொள்ள வேண்டும். ஒன்று, பொய்யாக ஏறியது. மற்றொன்று, மெய்யான பாக்கி. முன்னதற்கு மருந்து மனு. பின்னதற்கு மருந்து பணம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, மெய்யான பாக்கியை மனுவினால் போக்க முயல்வோர் காலத்தை வீணாக்குகின்றனர்.

பொய்யாக ஏறியதைத் திருத்துதல்

அறிக்கையில் தமக்குரியதல்லாத கடனோ, தீர்ந்த கடன் தீராததாகவோ காணப்பட்டால், கடன் தகவல் நிறுவனத்திடமாவது அப்பதிவை அனுப்பிய வங்கியிடமாவது ஆட்சேப மனுக் கொடுக்கலாம். நிறுவனம் தானாகப் பதிவை மாற்ற இயலாது. வங்கி உறுதி கூறிய பின்னரே மாற்றும். ஆகையால் இரண்டு இடத்திலும் மனுக் கொடுத்து, மனுவின் எண்ணையும் தேதியையும் குறித்து வைப்பது நலம். கடன் தீர்த்த ரசீது, நிலுவையில்லாச் சான்று, கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை மனுவுடன் இணைக்க வேண்டும். பெயர்க் குழப்பமாயின் ஆதார், பான் அட்டை, பட்டா ஆகியவற்றின் நகல்கள் உதவும்.

இம்மனு 30 நாட்களுக்குள் பைசல் செய்யப்பட வேண்டும். அதில் வங்கிக்குரிய காலம் 21 நாட்கள். 30 நாட்களைக் கடந்தால், கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் மனுதாரருக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ம் வருஷம் அக்டோபரில் உத்தரவிட்டது. அது 2024-ம் வருஷம் ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தம் மறுக்கப்பட்டால் அதன் காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லையானாலும், பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தகவல் நிறுவனங்கள் 2022-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி முதல் அவருடைய அதிகாரத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. விவரம் அறிய 14448 என்ற தொலைபேசி எண் உள்ளது.

கூட்டுறவுக் கடன் தள்ளுபடி பெற்றவர்கள், தமது சங்கத்திலிருந்து நிலுவையில்லாச் சான்று பெற்றுப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அதைப் பெறாதவர்கள் இப்போதேனும் பெற்றுக்கொள்வார்களாக. கடன் முழுவதும் தீர்ந்தபின், ஈடு வைத்த மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும் என்பதும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு என்பதும் 2023-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி முதல் உள்ள விதி.

மெய்யான பாக்கியைத் தீர்த்தல்

பாக்கி மெய்யானதாயின், கணக்கு எந்நிலையில் உள்ளது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். வாய்தா கடந்த மாத்திரத்தில் பயிர்க்கடன் வாராக்கடன் ஆகிவிடுவதில்லை. நெல், கடலை, உளுந்து போன்ற குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பயிர்ப் பருவங்களும், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிருக்கு ஒரு பயிர்ப் பருவமும் பாக்கி நின்ற பின்னரே அது வாராக்கடன் எனப்படும். மோட்டார் சைக்கிள், வீட்டுச் சாமான் முதலிய பிற கடன்களுக்கோ 90 நாட்களே கெடு. ஒரே வங்கியில் ஒருவருக்குள்ள கடன்களில் ஒன்று வாராக்கடன் ஆயின், மற்றவையும் அவ்வாறே வகைப்படுத்தப்படும். சிறு கடன் ஒன்றைக் கவனியாது விட்டதால் பயிர்க்கடன் புதுப்பிக்கப்படாமல் நிற்பது இதனாலேயாம். இரண்டு பருவம் அவகாசம் உண்டென்று அமைதியாக இருந்துவிடவும் கூடாது. வாய்தா கடந்த நாட்கள் அதற்கு முன்னரே பதிவில் ஏறிவிடும்.

வாராக்கடனாகிவிட்ட கணக்கை மீண்டும் ஒழுங்கான கணக்காக மாற்ற வேண்டுமானால், நிலுவையிலுள்ள அசலும் வட்டியும் முழுவதும் செலுத்தப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-ம் வருஷம் நவம்பரில் தெளிவுபடுத்தியது. ஓர் உதாரணம்: டிராக்டர் கடனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60,000 ரூபாய் தவணை, இரண்டு தவணை நின்றுவிட்டது, அதன்மேல் வட்டி 18,000 ரூபாய். ஆக நிலுவை 1,38,000 ரூபாய். இதில் 60,000 ரூபாய் கட்டினால் பாக்கி குறையுமேயன்றிக் கணக்கின் நிலை மாறாது. 1,38,000 ரூபாயையும் கட்டினாலே மாறும். ஆனால் இனி வரவேண்டிய தவணைகளையும் சேர்த்து முழுக் கடனையும் கட்ட வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல், முழுக் கடனையும் கட்ட வழியில்லையே என்று சும்மா இருந்துவிடுவோர் பலர். கையில் சிறு தொகை உள்ளவர்கள் அதைப் பல கணக்குகளில் பகிர்ந்து போடாமல், ஒரு கணக்கின் நிலுவையை முற்றும் தீர்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்வது மேல்.

முழு நிலுவையையும் செலுத்தவே இயலாதவர்களுக்கு வங்கிகள் ஒரே தவணையில் தீர்க்கும் சமரசத் திட்டம் அளிப்பதுண்டு. 3 லட்சம் ரூபாய் பாக்கிக்கு 1,80,000 ரூபாயை ஏற்று, மீதி 1,20,000 ரூபாயை வங்கி விட்டுக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோர், அதன் விளைவையும் அறிய வேண்டும். கணக்கு தீரும்; ஆனால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று எழுதப்படும். அவ்வங்கி சில காலத்துக்குப் புதிய கடன் கொடுக்காது. விவசாயக் கடன் அல்லாதவற்றில் அக்காலம் குறைந்தது 12 மாதங்கள் என்றும், விவசாயக் கடனில் அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழு நிர்ணயிப்பது என்றும் 2023-ம் வருஷம் ஜூன் மாத உத்தரவு கூறுகிறது. ஆதலால் சக்தியுள்ளவர் முழுதும் செலுத்துவதே சிறந்தது. சக்தியற்றவருக்கோ, பாக்கி வருஷக்கணக்கில் வளர்வதைவிடச் சமரசமே நன்று. சமரசக் கடிதத்தையும் தீர்த்த ரசீதையும் எழுத்தில் பெறாமல் பணம் கட்டலாகாது. பின்னாளில் வசதி வந்தால், விட்டுக்கொடுக்கப்பட்ட தொகையையும் செலுத்தி, கணக்கை முழுதும் தீர்ந்ததாக மாற்றும்படி வங்கியைக் கேட்கலாம்.

வாய்தா நாளன்று தனியாரிடம் பத்து நாள் வட்டிக்குப் பணம் வாங்கி வங்கியில் கட்டி, கடனைப் புதுப்பித்து அதைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. இதனால் தேதி காப்பாற்றப்படுவது உண்மையே. எனினும் புதுப்பிப்பு சில நாள் தாமதமானால், அந்த வட்டி குடும்பத்தை வாட்டும். இதனினும் நல்ல வழி, மகசூல் விற்ற பணம் வந்தவுடனேயே கிசான் கடன் அட்டைக் கணக்கில் கட்டிவிடுவது. அது பற்றும் வரவும் சுழலும் கணக்கு. கட்டிய பணத்தை அடுத்த சாகுபடிக்கு மறுபடியும் வரம்புக்குள் எடுத்துக்கொள்ளலாம். பணம் சேமிப்புக் கணக்கில் கிடக்கும்போது கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருப்பது இரட்டை நஷ்டமாகும்.

மகசூல் இழந்த காலத்தில் செய்ய வேண்டுவது

வெள்ளம், புயல், வறட்சி ஆகியவற்றால் பயிர் அழிந்தபோது கடன் செலுத்த முடியாமற்போவது விவசாயியின் குற்றமன்று. இதற்கென்றே ரிசர்வ் வங்கி நிவாரண முறைகளை வகுத்துள்ளது. பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்குக் குறையாத இடங்களில் குறுகிய காலக் கடனை நீண்ட தவணைக் கடனாக மாற்றலாம். 2018-ம் வருஷத்தில் தொகுக்கப்பட்ட உத்தரவின்படி, சேதம் 33 முதல் 50 சதவீதமாயின் 2 வருஷம் வரையிலும், 50 சதவீதமும் மேலுமாயின் 5 வருஷம் வரையிலும் தவணை நீட்டப்படலாம். முறைப்படி இவ்வாறு மாற்றப்பட்ட கடன் ஒழுங்கான கணக்காகவே நடத்தப்பட்டது. தவணைக் காலம் பற்றிய விவரங்கள் அவ்வப்போது திருத்தப்படக் கூடுமாதலால், நடப்பு விதியை வங்கியில் கேட்டறிய வேண்டும்.

இங்கே உயிர்நிலையான விஷயம் ஒன்றுண்டு. நிவாரணம் தானாக வீடு தேடி வருவதில்லை. சேதம் நேர்ந்ததும், வாய்தா நாளுக்கு முன்னரே, வங்கி மானேஜருக்கு எழுத்து மூலம் தெரிவித்துக் கடனை மாற்றியமைக்கும்படி கேட்க வேண்டும். மனுவின் நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். வாய்தா கடந்து ஆறு மாதம் கழித்துச் சென்று புயலைக் காரணம் காட்டுபவருக்கும், புயலடித்த பதினைந்தாம் நாளில் மனுக் கொடுத்தவருக்கும் நேர்ந்த சேதம் ஒன்றேயாயினும், பதிவில் இருவர் நிலையும் வெவ்வேறாகிவிடும். பயிர்க் காப்பீட்டுத் தொகை வருமென்று காத்திருப்பதும் சரியன்று. அத்தொகை வர மாதக்கணக்கில் ஆகலாம். வாய்தா அதற்காக நிற்பதில்லை.

மதிப்பெண் மெல்ல உயரும் விதம்

நிலுவை தீர்ந்த மறுநாளே மதிப்பெண் உயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. வங்கி அடுத்த விவரத்தை அனுப்பும்வரை பழைய நிலையே காணப்படும். அதன் பின்னரும் பழைய தாமதங்கள் உடனே மறைவதில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு வருஷங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எனினும் புதிய ஒழுங்கு சேரச் சேரப் பழைய தாமதத்தின் கனம் குறைந்துகொண்டே வரும். உவர் நிலத்தைத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மூன்று நான்கு பருவங்களில் தேற்றுவது போன்றதே இது. பருவந்தோறும் செய்தால் பலன் உறுதி. ஒரே நாளில் செய்ய வழியில்லை.

இக்காலத்தில் கவனிக்க வேண்டியவை சில. புதிய கடனுக்குப் பல வங்கிகளில் ஒரே சமயத்தில் மனுச் செய்யலாகாது. ஒவ்வொரு மனுவும் பதிவில் ஏறி மதிப்பெண்ணைத் தாழ்த்தும். நடப்பிலுள்ள சிறு கடன் ஒன்றையேனும் வாய்தா தவறாமல் செலுத்தி வரவேண்டும். பயிர்க்கடன் கிடைக்காத நிலையில், சிறு நகைக் கடன் ஒன்றை வங்கியில் பெற்றுக் குறித்த நாளில் மீட்பதும் நல்ல பதிவை உண்டாக்கும். கடன் வரம்பு முழுவதையும் எப்போதும் எடுத்தே வைத்திருக்காமல், தேவையான அளவே எடுக்க வேண்டும். ஜாமீன் கையெழுத்திடுமுன், அக்கடனைத் தாமே கட்ட நேர்ந்தால் கட்ட முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஈடின்றிப் பெறும் விவசாயக் கடனின் வரம்பு 2025-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. நல்ல பதிவுடையவருக்கே இச்சலுகை முழுப் பயன் தரும்.

சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பழைய பதிவை அழித்துத் தருவதாகவும், ஒரு மாதத்தில் மதிப்பெண்ணை 800 ஆக்குவதாகவும் சொல்லித் திரிவோரை நம்பலாகாது. மெய்யான பதிவை அழிக்கும் அதிகாரம் அவர்கள் எவருக்கும் இல்லை. பொய்யான பதிவைத் திருத்தவோ கட்டணமே தேவையில்லை. இத்தகையோரிடம் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்களை ஒப்படைப்பதால், பெயரில் புதுக் கடன் ஏறும் அபாயமும் உண்டு.

கிராம அதிகாரிகளின் பங்கு

இவ்விஷயத்தில் கிராம நிர்வாக அலுவலர்களும் வருவாய் ஆய்வாளர்களும் செய்யக்கூடிய நன்மை பெரிது. அடங்கலில் பயிரும் பரப்பும் பருவத்திலேயே நேரில் பார்த்துச் சரியாகப் பதியப்பட்டால், கடன் வரம்பும் காப்பீடும் சேத நிவாரணமும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். சம்பா நட்ட வயலுக்குத் தரிசு என்றிருந்தால், சேதம் நேர்ந்தபோது அவ்விவசாயிக்கு எந்த நிவாரணமும் கிட்டாது. அவர் பதிவு கெடுவதற்கு அந்த ஒரு வரியே காரணமாகும். சேதக் கணக்கெடுப்பைத் தாமதமின்றி முடித்து மேலிடத்துக்கு அனுப்புவதும், பட்டாவிலும் ஆதாரிலும் பெயர் வேறுபடுவோருக்கு அதைத் திருத்தும் வழியைக் காட்டுவதும், கூட்டுப் பட்டாதாரர்களின் பங்கைத் தெளிவாக்குவதும், தகப்பனார் இறந்த குடும்பத்தில் வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் உரிய அறிக்கையை விரைவில் அனுப்புவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே அங்கத்தினர்களின் வாய்தா நாட்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், பல பேருடைய பதிவு காப்பாற்றப்படும். தமிழ்நாட்டில் வாய்தா தவறாத அங்கத்தினருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைப்பதால், அந்த அறிவிப்பின் பணமதிப்பும் சிறிதன்று.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் விவசாயிக்குத் தேதியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றின் வயதையும் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளையும் விரல்விட்டு எண்ணுபவர், கடனின் வாய்தாவையும் அவ்வரிசையில் சேர்த்து எண்ணினால் போதும். இவ்வருஷம் செய்ய வேண்டியவை ஐந்து: இலவச அறிக்கையைப் பெறுதல், பொய்யான பதிவுக்கு மனுக் கொடுத்தல், மெய்யான நிலுவையை ஒவ்வொரு கணக்காக முற்றும் தீர்த்தல், சேதம் நேர்ந்தால் வாய்தாவுக்கு முன்னரே எழுத்து மூலம் தெரிவித்தல், ரசீதுகளைப் பட்டாவுடன் ஒரே பெட்டியில் வைத்தல். இவற்றை இப்பருவத்திலேயே தொடங்குவோர், அடுத்த சில சாகுபடிகளுக்குள் வங்கிக் கதவு மீண்டும் திறந்திருக்கக் காண்பார்கள்.